ஒண்ணாம் நம்பர் வீட்டில் உப்பு ஏறாத காரணம்

மாமா,

இன்று காலை உங்கள் நாலாம் நம்பர் வீட்டுச் சுவரில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். முதலில் ஜில்லென்று இருந்தது, பிறகு கரித்தது, கடைசியில் கசந்தது. சாமியப்பன் மேஸ்திரி முகத்தைச் சுளித்து, "ஏனுங், அதப் போயி வாயில வெக்கறீங்க?" என்றார். சமையல் உப்பு என்றால் கரிப்போடு நின்றுவிடும். நாக்கைக் குளிரவைப்பது வெடியுப்பு. மாடு கட்டிய மண்ணில் வருஷக்கணக்காக ஊறி வருகிற உப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சுவருக்கு எதிரே, சந்தைக் கூட்டம் முழுக்கக் கேட்க, என் வாயை அடைத்தீர்களே, அன்றைக்கு இதை நாக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் செத்து ஏழு மாசம் ஆகிறது. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசாதே என்று அம்மா சொல்கிறாள். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, உங்களிடமே பேசுகிறேன். கோபத்தில் 'நீ' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. அம்மாவின் அண்ணனை அப்படி எழுத இந்தக் கைக்கு வரவில்லை. 'நீங்கள்' என்றே இருக்கட்டும். மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், வெறும் பழக்கம்.

நிலச் சட்டம் வந்து, பாட்டத்துக்கு உழுதவர்களுக்கே பட்டயம் என்று ஆனபோது உங்கள் வயலில் பாதிக்கு மேல் போனது. மற்றவர்கள் வக்கீல் வீட்டுக்கு நடந்தார்கள். நீங்கள் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, வேலந்தாவளம் மாட்டுச் சந்தையை ஒட்டிக் கிடந்த காலியிடத்தை வாங்கி ஒரே வரிசையில் ஐந்து வீடு கட்டினீர்கள். "வயல உழறவன் கேட்டான், குடுத்தாச்சு. ஊட்ட எவன் மாப்ள உழுவான்?" என்று சிரித்தீர்கள். கெட்டிக்காரத்தனம்தான், அதை மறுக்க மாட்டேன். எல்லைச் சோதனைச்சாவடி, பள்ளிக்கூடம், பேங்க் என்று உத்தியோகத்துக்கு வந்தவர்கள் தங்க இடமில்லாமல் கோயமுத்தூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் ஐந்து வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது.

வாடகை வீட்டுக்கு என்று நீங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். "குடிவர்றவன் கண்ணுக்குத் தெரியறதுல மட்டும் செலவு பண்ணு." அந்தச் சட்டப்படி முன்னறைக்கு மட்டும் சிவப்புக் காவித் தரை, பளபளவென்று. அடுக்களைக்கு மண் தரை. வாசல் கதவு தேக்கு, பச்சைப் பெயிண்ட். பின் கதவு பழைய பெட்டிப் பலகை. முன் பாதிக் கூரைக்கு நல்ல ஓடு, பின் பாதிக்கு இடித்த வீடுகளிலிருந்து பொறுக்கிய ஓடு. ஐந்து வீட்டுக்கும் பொதுவான வாசல் தூணில் கடப்பைக் கல்லில் உங்கள் பெயரைச் செதுக்கிப் பதித்தீர்கள். வரிசையிலேயே ஆக நல்ல கல் அதுதான். இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு கீறல் கிடையாது. சுவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஈரத்தை மறிக்க அங்கே ஒன்றும் போடவில்லை.

முதல் மழைக்காலம் முடிந்ததும் சுவரில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு வெள்ளை பூத்தது. நான் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து வந்திருந்தேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். இங்கே என் தப்பு ஒன்று இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன், சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன், உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "சுண்ணாம்பெல்லாம் அந்தக் காலம் மாமா. கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசுங்க, உப்பு அப்படியே நின்னுரும்."

சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க நீங்கள் நாலு நடை நடந்தீர்கள். வந்த மூட்டைகளை என் மேற்பார்வையில் ஐந்து வீட்டிலும் இடுப்பு உயரம் பூசினோம். மேற்பார்வை என்ற வார்த்தையை அப்போது நான் நிறையச் சொன்னேன். எட்டே மாசத்தில் உப்பு மூன்று அடி ஏறியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அதை மூடிவிட்டது. வெளியேற வழியில்லாத ஈரம் உப்பையும் தூக்கிக்கொண்டு மேலே போய், சிமெண்ட் முடிகிற இடத்தில் பூத்தது. படித்தவன் செய்த தப்பு. நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "படிப்பு மூணடி ஏறிருச்சு மாப்ள" என்று மட்டும் சொன்னீர்கள். அது எனக்கு வேண்டியதுதான். அந்தக் கேலிக்காக நான் இதை எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு மண்ணின் மேல் சந்தேகம் வந்தது. குட்டியப்பன் தரகரைக் கேட்டேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசிக்கொண்டிருந்தவர், பிடித்த விரலை விடாமலேயே தலையைத் திருப்பிச் சொன்னார்: "உங்க மாமன் ஊடு கட்டியிருக்கற எடமா? அங்கதான தம்பி, நான் கோமணம் கட்டுன நாள்லிருந்து மாடு கட்டுவோம். சந்தைக்கு மொத நா வர்ற மாடு அத்தனையும் அங்கதான் படுக்கும். பொறகுதான் சந்தைய இக்கட்டால, இந்தப் பக்கம் தள்ளுனாங்க."

புரிந்துவிட்டது. இருபது முப்பது வருஷத்து மாட்டு மூத்திரம் குடித்த மண். அதன் மேல் கட்டிய செங்கல் சுவர் விளக்குத் திரி மாதிரி அதை உறிஞ்சுகிறது. மேலே என்ன பூசினாலும் பிரயோஜனமில்லை. கீழேயே வெட்டி மறிக்க வேண்டும். அன்றைக்கே உங்கள் வீட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் கொடுத்தேன். தரைக்கு அரை அடி மேலே சுவரில் ஒரு வரிசை செங்கல்லை எடுத்துவிட வேண்டும். ஒரேயடியாக எடுத்தால் சுவர் உட்கார்ந்துவிடும்; இரண்டு அடி எடுத்து, இரண்டு அடி விட்டு, அடைத்து இறுகிய பிறகு விட்டதை எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஈரம் ஏறாத கடப்பைக் கல் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் மூட்டு மேல் அடுக்குக் கல்லின் நடுவில் வரவேண்டும். இரண்டு அடுக்குக்கும் நடுவில் தார். ஓரத்தில் அளவெல்லாம் எழுதியிருந்தேன்.

நீங்கள் தாளைத் திருப்பி முதலில் காலண்டரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தீர்கள். பிறகு என் படத்தைப் பார்த்தீர்கள். "சொவத்துக்கு நடுவுல தார் ரோடு போடச் சொல்றியா?" என்றீர்கள். தாளை மடித்து எங்கோ வைத்தீர்கள். நானும் அத்தோடு மலையில் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களுக்கு ரிப்பேர் பார்க்கும் தற்காலிக வேலைக்குப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு வந்தேன். சந்தை நாள். உங்கள் வரிசைக்கு முன்னால் கூட்டம். நாலாம் நம்பரில் குடியிருந்த மரகதம் டீச்சர் வாசலில் நான்கு மாசக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கணவர் கோவாவில் ஏதோ கம்பெனியில் இருந்தார், ஊரில் இல்லை. டீச்சர் வீட்டுச் சுவர்தான் ஐந்திலும் மோசம். பூச்சு தட்டுத் தட்டாக உதிர்ந்து தொட்டிலுக்குள் விழுகிறது என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கு நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த பதில் நான் கிட்டே வரும்போதே காதில் விழுந்தது.

"கொளந்தைய எங்க வேணும்னாலும் மூத்திரம் போக உட்டுட்டு, துணிய ஊட்டுக்குள்ளயே அலசி ஊத்திட்டு, சொவரு பூக்குதுன்னா என்னம்மா பண்றது? உங்க கொளந்தை மூத்திரந்தான் அது."

கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. வகுப்பில் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஏனுங்க, குழந்தை பொறந்து நாலு மாசம். சுவரு பூத்து ரெண்டு வருசம்."

அதற்குமேல் யாருக்கும் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நீங்கள் கையை நீட்டி வரிசையின் முதல் வீட்டைக் காட்டினீர்கள். அங்கே புதிதாக ஒரு பேங்க் மேனேஜர் குடிவந்திருந்தார். "ஒண்ணாம் நம்பரப் போயிப் பாருங்க. அதே மண்ணு, அதே செங்கல்லு, அதே சிமெண்டு. ஒரு பொடி உப்பு இருக்குதா? சுத்தமா குடியிருக்கறவங்க ஊட்ல உப்பு வராது."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்கே தெரியும். "மாமா, அது கொளந்தை மூத்திரமில்ல, மாட்டு மூத்திரம். இந்த எடத்துல மாடு கட்டியிருக்காங்க. மண்ணுல இருக்குது" என்று கத்தினேன்.

உங்கள் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அதை நான் கோபம் என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது, அது கணக்கு. நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். "அப்படிங்களா? அப்ப ஒண்ணாம் நம்பர்ல உன்ற மாட்டு மூத்திரம் எங்கடா போச்சு? அந்த எடத்துல மாடு அடக்கிட்டு நின்னுதா?"

நான் ஒண்ணாம் நம்பர் சுவரைப் பார்த்தேன். தரை வரைக்கும் சுத்தமாக, காய்ந்து, வெள்ளையடித்தது வெள்ளையாகவே இருந்தது.  என் வாய் திறந்து மூடியதை மொத்தச் சந்தையும் பார்த்தது.

"என்ற மருமகன் கோயமுத்தூர் போயி மூத்திரத்துல டிப்ளமா வாங்கியிருக்கானுங்கோ," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். "மூத்திர இஞ்சினீயர்!"

குட்டியப்பன் தரகர்தான் முதலில் சிரித்தார். மாடு எங்கே கட்டினார்கள் என்று எனக்குச் சொன்ன அதே தரகர். பிறகு எல்லோரும். பேர் ஒட்டிக்கொண்டது. மறு வாரம் டீச்சர் இரும்புப் பெட்டியையும் தொட்டிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். யாரும் வழியனுப்பவில்லை. நான் எதிரில் வந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒண்ணாம் நம்பர் சுவர் என் கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. ஒருவேளை நான் சொன்னது தப்போ? சிமெண்டில் தவறியவன் மண்ணிலும் தவறியிருக்கலாமே?

அதற்குப் பிறகு எனக்கு இந்தப் பக்கத்தில் யார் வீட்டு வேலையும் கிடைக்கவில்லை. கட்டிடத்தைப் பார்க்கப் போனால், "மொதல்ல மோந்து பாக்கணுமுங்களா?" என்று கேட்டார்கள். பள்ளிவாசலுக்கே திரும்பிப் போனேன். தற்காலிகம் மூன்று வருஷமானது. அங்கேயும் நிம்மதியில்லை. ஒரு லாரி டிரைவர் மூலம் பேர் மலையேறி வந்துவிட்டது. லயத்துக் கங்காணி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒருநாள் கேட்டார்: "ஏய்யா, கீழ ஒங்க ஊர்ல ஒமக்கு வேற பேராமே? கொஞ்சம் சொல்லும், கேப்போம்." சொல்லவில்லை. மழை கொட்டுகிற அந்த ஊரில் எத்தனையோ லயத்துச் சுவர்களுக்கு ஈரம் மறித்திருக்கிறேன். எல்லாம் காய்ந்தன. ஒவ்வொன்றும் காயும்போது உங்கள் குரல் வரும்: அப்ப ஒண்ணாம் நம்பர்ல எங்கடா போச்சு?

நீங்கள் நெஞ்சு வலியில் போன சேதி வந்தபோது இறங்கி வந்தேன். தோள் கொடுத்தேன். அழவில்லை.

போன மாசம் அத்தை ஆள் அனுப்பினார். ஐந்தில் மூன்று வீடு காலி, யாரும் குடிவருவதில்லை என்றார். "உங்க மாமன் போன பொறகு எனக்கு இருக்கறது இந்த ஊடுகதான் கண்ணு. என்ன பண்ணணுமோ பண்ணு. கண்ணுக்குத் தெரியறதுக்கு வேண்டாம், நெலச்சு நிக்கற மாதிரி பண்ணு." உங்கள் சட்டத்தை இத்தனை வருஷம் கேட்டவர் அதைத் திருப்பிப் போட்டுச் சொன்னார். அப்போதே எனக்குப் பாதி வயிறு நிறைந்தது.

சாமியப்பன் மேஸ்திரியை வைத்து வேலையை ஆரம்பித்தேன். முதல் வேலையாக ஒண்ணாம் நம்பர் சுவரைக் கொத்தச் சொன்னேன். மேனேஜர் மாற்றலாகிப் போய் அதுவும் காலியாக இருந்தது.

மேஸ்திரி உளியை எடுக்கவில்லை. "அது நல்லாத்தானுங்க இருக்குது. நாலுலருந்து ஆரம்பிக்கலாமுங்க."

"நல்லாத்தான் இருக்குது. ஏன் நல்லா இருக்குதுன்னு பாக்கணும்."

"வேண்டாமுங்க."

அவர் பையிலிருந்த உளியை எடுத்து நானே கொத்தினேன். தரைக்கு அரை அடி மேலே பூச்சு பெயர்ந்ததும் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கடப்பைக் கல். இன்னும் இரண்டு அடி கொத்தினேன். இரண்டு அடுக்கு. கீழ் மூட்டு மேல் கல்லின் நடுவில். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை மாதிரித் தார் பிதுங்கி உறைந்திருந்தது.

என் படம், மாமா. அங்குலம் பிசகாமல் என் படம்.

நான் உளியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி பக்கத்தில் குந்தினார். "நீங்க மலைக்குப் போன மறு வாரமுங்க," என்றார். "மேனேஜர் குடிவர்றதுக்கு முந்தி. உங்க மாமா காலண்டர் தாளைக் கையில புடிச்சுட்டு முழு நாளும் இங்கயே நின்னாருங்க. 'அவன் போட்டிருக்கற மாதிரியே வையி, ஒரு அங்குலம் கொறையப்படாது'ன்னாரு. முடிஞ்சதும், 'இது வெளிய போச்சுன்னா உனக்கு இந்த ஊர்ல அடுத்த வேல இல்ல'ன்னாரு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்களே."

"அன்னிக்குச் சந்தைல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேனுங்க."

"சிரிச்சீங்களா?"

மேஸ்திரி உளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள் மாமா. நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்றிருந்தால் உங்களை மன்னித்திருப்பேன். என் சிமெண்டைப் பார்த்தவர்தானே, நம்பாமல் இருக்க நியாயம் இருக்கிறது. நீங்கள் நம்பினீர்கள். நம்பி, அதிக வாடகை தருகிறவர் வீட்டுக்கு மட்டும் செய்தீர்கள். அது வியாபாரம், அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் நான் படம் போட்டுக் கொடுத்த கல்லினால் காய்ந்த சுவரைக் காட்டித்தானே என்னை ஊமையாக்கினீர்கள்? அதே சுவரைக் காட்டித்தானே ஒரு கைக்குழந்தையையும் அதன் தாயையும் அழுக்கு என்று சொல்லித் துரத்தினீர்கள்? மூன்று வருஷம் நான் என் கண்ணையே நம்பாமல் அலைந்தேன். பதில் உங்கள் பெட்டியில் மடித்து இருந்திருக்கிறது. அத்தையிடம் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார். முருகன் ஒரு பக்கம், என் கையெழுத்து ஒரு பக்கம், ஓரத்தில் உங்கள் விரலின் தார்.

ஒண்ணாம் நம்பரைப் பூசாமல் விட்டேன். சந்தை நாள் வரும் வரைக்கும் அந்தக் கொத்திய சுவரை அப்படியே திறந்து வைத்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வேலை பார்க்கும் மரகதம் டீச்சருக்குக் கடிதம் போட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார், மூன்று வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு.

சந்தை கூடியதும் குட்டியப்பன் தரகரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "ஏனுங் இஞ்சினீயரே, மாடு யேவாரத்த உட்டுட்டு வரச் சொல்றீங்க," என்று சலித்துக்கொண்டே வந்தார். அவர் பின்னால் நாலு பேர், நாலு பேர் பின்னால் கூட்டம். காலண்டர் தாளைச் சுவரின் மேல் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தேன். எல்லோரும் கேட்க மேஸ்திரியைச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார், உங்கள் குரல் மாதிரியே சொன்னார்.

 தரகர் குனிந்து தார்க் கோட்டை நகத்தால் சுரண்டினார். "அடப் பாவி மனுசா," என்றார். என்னைச் சொல்லவில்லை. தூணில் இருந்த உங்கள் பெயரைப் பார்த்துச் சொன்னார்.

டீச்சரின் பெண் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தது. நான் டீச்சரிடம், "நாலாம் நம்பரும் இதே மாதிரி பண்ணப் போறேனுங்க. நீங்க வர்றதா இருந்தா அது உங்களுக்குத்தான்" என்றேன்.

"வேண்டாமுங்க. இந்த வாசல்ல மறுபடியும் குடியிருக்க முடியாது என்னால." கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அன்னிக்குச் சிரிச்சவங்க இருக்காங்களான்னு பாக்கத்தான் வந்தேன். பாதிப் பேர் இருக்காங்க. போதும்." போகும்போது குட்டியப்பன் தரகர் அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். ஒதுங்கியவரின் தலை குனிந்திருந்ததை நான் பார்த்தேன். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களை ஒருநாள் மட்டும் உயிரோடு கொண்டுவர முடிந்தால், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் கொண்டுவருவேன்.

நாலாம் நம்பரில் என் சிமெண்டை நானே கொத்தி எடுத்தேன். இரண்டு அடி வெட்டி, இரண்டு அடி விட்டுக் கல் வைத்தோம். மேலே மறுபடியும் சுண்ணாம்புதான் பூசப் போகிறேன், சுவர் மூச்சு விடட்டும். இன்றைக்குக் கடைசி இடைவெளி. மத்தியானம் அத்தை மோர்ச் சொம்போடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, வேல நின்னிருக்குது?"

"மேலடுக்குக்கு ஒரு கல்லு கொறையுதுங் அத்தை. கோயமுத்தூர்ல இருந்து வர ரெண்டு நாளாகும். சொவத்த இப்பிடித் தெறந்து போட முடியாது."

அத்தை சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி வாசல் தூணைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. "அதுவும் கடப்பைக் கல்லுதான?"

"ஆமாங்."

"பொங்கலுக்குப் பொங்கல் எண்ணெ போட்டுத் தொடச்சது நானு. நல்ல கல்லு." சொம்பை என் கையில் கொடுத்தார். "எழுத்து மேல வருமா, கீழயா?"

"கீழங்."

"அப்பச் செரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கல் குறைந்தது தற்செயல் இல்லை. வேலை ஆரம்பிக்கும் முன்பே அந்தத் தூணை அளந்திருந்தேன். ஒரு கல் குறைகிற மாதிரிதான் எண்ணி வாங்கினேன். மேஸ்திரி தூணிலிருந்து பெயர்த்தார், அகலத்தில் மூன்று அங்குலமும் நீளத்தில் அரை அடியும் வெட்டி எறிந்தார். வெட்டியதில் உங்கள் இனிஷியல் போயிற்று. மீதிப் பெயரின் மேல் தாரை நானே ஊற்றினேன். செதுக்கிய ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் தார் இறங்கி நிரம்பும்வரைக்கும் குச்சியால் தடவினேன். பிறகு குப்புறக் கவிழ்த்து, உள்ளே தள்ளி, மேலே செங்கல்லை இறுக்கி அடைத்தோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆக நல்ல கல்லைப் போட்டிருக்கிறேன். இந்தச் சுவர் நிற்கும்வரைக்கும் முப்பது வருஷத்து மாட்டு மூத்திரம் ஏறி வந்து உங்கள் பெயருக்கு அடியில் முட்டி நிற்கும். டீச்சரின் குழந்தை தொட்டில் கிடந்த அதே மூலையில்.

இதை எழுதும்போது மனசு ஆறிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. ஆறவில்லை. ஆறுவதற்காகவும் செய்யவில்லை.

சாயங்காலம் கையில் தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனைகட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் பஸ் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பொட்டலம். வரிசையைப் பார்த்துத் தயங்கி நின்று, மேஸ்திரியிடம் கேட்டார்: "ஏனுங், இங்க மூத்திர இஞ்சினீயர்னு ஒருத்தராமே, சொவத்து உப்ப நிறுத்தறவரு? அவரு ஊடு எதுங்க?"

மேஸ்திரி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்த மனுஷர் முகத்தில் கேலி இல்லை. அவருக்குத் தெரிந்த பேர் அது ஒன்றுதான்.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். சுவரிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பொடி. விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன்.

"நான்தானுங்க," என்றேன். "மாடு கட்டுன எடமா?"